புண்ணில் கிடைத்த சான்று, முகத்துக்கு விற்கும் வாக்குறுதி

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ஓரளவு பெரிய ஊர் எதை எடுத்தாலும், தோல் கிளினிக் பலகைகளில் 'பி.ஆர்.பி.', 'குரோத் ஃபேக்டர் சீரம்', 'ஸ்கின் ரெஜுவனேஷன்' ஆகியவை இப்போது தவறாமல் இடம்பிடித்துவிடுகின்றன. பரு விட்டுப்போன குழி, கண்ணோரச் சுருக்கம், வயிற்றுத் தழும்பு, முடி உதிர்வு என எல்லாவற்றுக்கும் ஒரே சிகிச்சை. அதற்குச் சொல்லப்படும் விளக்கமும் ஒன்றே. காயம் ஆறுவதற்காக உடலே சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளை உங்கள் முகத்துக்குக் கொடுக்கிறோம், தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்கிறார்கள். இந்த விளக்கத்தின் முன்பாதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. வளர்ச்சிக் காரணிகள் உண்மையானவை. ஆறாத புண்களை ஆற்ற உதவியிருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்ததற்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. சிக்கல் பின்பாதியில்தான். புண்ணில் கிடைத்த சான்றை, புண்ணே இல்லாத முகத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது ஏன் செல்லாது என்பது இந்தப் பொருள்கள் வேலை செய்யும் விதத்திலேயே அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதை வாசகரே பெருமளவு தீர்மானித்துவிடலாம்.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன், 1950களில் ரீட்டா லெவி-மோண்டால்சினியுடன் சேர்ந்து நரம்பு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசி மூலம் செலுத்தியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. வழக்கமாக 12 முதல் 14 நாள்களில் திறக்கும் கண்கள், ஏழாம் நாள் வாக்கிலேயே திறந்துவிட்டன. பற்களும் சீக்கிரம் முளைத்தன. நரம்பு வளர்ச்சியைக் கொண்டு இதை விளக்க முடியவில்லை. அந்தச் சாற்றில் இருந்த வேறொரு புரதம் மேல்தோல் செல்களை வேகமாகப் பெருக்கி, முதிரவும் வைத்து, ஒட்டியிருந்த இமைகளைப் பிரித்திருக்கிறது. 1962இல் கோஹன் அதைத் தனியே பிரித்தெடுத்து அறிவித்தார். 53 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட அந்தச் சிறு புரதம்தான் இன்று இ.ஜி.எஃப். எனப்படும் எபிடெர்மல் குரோத் ஃபேக்டர். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. அதற்குள் ஹோவர்ட் கிரீன் என்ற விஞ்ஞானி, மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்க்க இ.ஜி.எஃப். பெரிதும் உதவுகிறது என்று கண்டிருந்தார். 1983இல், உடல் முழுக்க வெந்துபோன இரண்டு சிறுவர்களுக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், எரியாமல் மிஞ்சியிருந்த சிறு தோல் துண்டிலிருந்து விரிப்பு விரிப்பாகப் புதுத் தோல் வளர்த்து உடலில் ஒட்டினார்கள். இருவரும் உயிர் பிழைத்தார்கள். இந்தத் துறையின் மேல் மக்களுக்கு வரும் மரியாதை நியாயமானதுதான்.

ஆனால் ஒரு வளர்ச்சிக் காரணி, செடிக்கு உரம் போடுவதுபோல் போடப் போட வளர்ச்சி தரும் பொருள் இல்லை. அது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் கட்டளை. காய்கறி நறுக்கும்போது கத்தி விரலில் ஆழமாகப் பட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ரத்தம் வந்த சில நிமிடங்களில் பிளேட்லெட்டுகள் ஒன்றுகூடி அடைப்பை உண்டாக்குகின்றன. அப்போதே தங்களுக்குள் சிறு பைகளில் சேர்த்துவைத்திருந்த பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற காரணிகளை வெளியே கொட்டுகின்றன. அந்த அழைப்பைக் கேட்டு முதலில் வெள்ளையணுக்கள் வருகின்றன. இரண்டு மூன்று நாள்களில் மேக்ரோஃபேஜ்கள் வந்து குப்பையை அள்ளியபடியே தங்கள் பங்குக்கு அடுத்த கட்டளைகளை இடுகின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் நகர்ந்து வந்து கொலாஜனை நெய்கின்றன. வி.இ.ஜி.எஃப். என்ற காரணி புது ரத்தக்குழாய்களைத் துளிர்க்க வைக்கிறது. மேல்தோல் செல்கள் ஓரங்களிலிருந்து ஊர்ந்து வந்து காயத்தின் வாயை மூடுகின்றன. அதன்பின் மாதக்கணக்கில், அவசரத்தில் நெய்த கொலாஜனைப் பிரித்து உறுதியான கொலாஜனாக மாற்றி நெய்யும் வேலை நடக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அந்த இடம் பழைய தோலின் வலிமையில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு நேரம் உண்டு, ஓர் அளவு உண்டு. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் தழும்பு தடித்துப்போகிறது.

இந்தக் கட்டளைகளை உடல் எவ்வளவு கவனமாகப் பூட்டிவைத்திருக்கிறது என்பதை 1974இல் ரஸல் ராஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் சியாட்டிலில் செய்த ஒரு சோதனை காட்டியது. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் தசைச் செல்களை வளர்க்க, உறைந்த ரத்தத்திலிருந்து வடித்த சீரத்தைச் சேர்த்தபோது செல்கள் பெருகின. ரத்தத்தை உறையவிடாமல், பிளேட்லெட்டை நீக்கிவிட்டுப் பிளாஸ்மாவிலிருந்து தயாரித்த சீரத்தைச் சேர்த்தபோது அவை பெருகவில்லை. அதே திரவத்தோடு பிளேட்லெட்டிலிருந்து வந்த பொருளைச் சேர்த்ததும் பெருக்கம் தொடங்கியது. ஓடுகிற ரத்தத்தில் இந்தக் கட்டளை கிடையாது. காயம் பட்டு, ரத்தம் உறையும்போதுதான் வெளிப்படுகிறது. ஒருவரின் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்துச் செலுத்தும் பி.ஆர்.பி. என்ற சிகிச்சைக்கே இதுதான் வேர். காயமில்லாத இடத்தில் இந்தக் காரணிகள் திறந்துவிடப்படக் கூடாது என்று உடல் போட்டுவைத்திருக்கும் ஏற்பாடும் இதிலேயே தெரிகிறது.

புண்ணில் கிடைத்த சான்றுகள் என்ன சொல்கின்றன? பி.டி.ஜி.எஃப்.பை ஈஸ்ட் மூலம் தயாரித்து ஜெல்லாக்கிய பெகாப்ளெர்மின் என்ற மருந்துக்கு 1997 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது. சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்தில் வரும் ஆறாத புண்ணுக்கு மட்டுமே அந்த அனுமதி. 1998இல் வெளியான ஆய்வில், மருந்தில்லாத ஜெல் போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கு 20 வாரத்தில் புண் முழுவதும் மூடியது; மருந்துள்ள ஜெல் போட்டவர்களில் 50 சதவீதம் பேருக்கு மூடியது. நல்ல முன்னேற்றம்தான், அதிசயமில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இதே மருந்தின் முந்தைய சோதனையை வைத்து 1996இல் வெளியான ஒரு கணக்கு. செத்த திசுவை அடிக்கடி வெட்டிச் சுத்தம் செய்த மருத்துவமனைகளில் புண்கள் நன்றாக ஆறியிருந்தன. சுத்தம் செய்வது குறைவாக இருந்த இடங்களில் மருந்து போட்டும் பலன் குறைந்தது. நாள்பட்ட புண்ணில் புரதங்களை அரிக்கும் என்சைம்கள் மிகுந்திருக்கும். வெளியிலிருந்து ஊற்றும் காரணியை அவை தின்றுவிடும். ஆக, உண்மையான புண்ணில்கூட, இடம் தயாராக இருந்தால்தான் கட்டளை காதில் விழுகிறது.

ஜப்பான் எஃப்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி கலந்த ஸ்பிரேயை 2001இல் தோல் புண்களுக்கு அனுமதித்தது. கியூபா, புண்ணுக்குள்ளேயே ஊசி போடும் இ.ஜி.எஃப். மருந்தை 2006இல் பதிவு செய்தது. இந்தியாவிலும் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் சர்க்கரைப் புண்ணுக்கான இ.ஜி.எஃப். ஜெல்லைக் கொண்டுவந்தது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பாதத்தில் புண் வந்து, நாள் கடந்து, விரலையோ காலையோ இழப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வளர்ச்சிக் காரணி பற்றி நம்மூரில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் முகத்தையே சுற்றுகிறது, பாதத்தைப் பற்றிக் கேட்பாரில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அழகுச் சிகிச்சைக்கு மிக நெருக்கமாக வந்த பெரிய மருந்துச் சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும். கருவிலிருக்கும் சிசுவின் தோலில் காயம் பட்டால் ஆரம்ப மாதங்களில் அது தழும்பே இல்லாமல் ஆறுகிறது. அங்கே டி.ஜி.எஃப்.-பீட்டா 3 என்ற வகை மிகுந்தும், பீட்டா 1 குறைந்தும் இருக்கிறது. அப்படியானால் அறுவைக் காயத்தில் பீட்டா 3ஐ ஊசியாகச் செலுத்தினால் பெரியவர்களுக்கும் தழும்பு விழாதே என்று பிரிட்டனின் ரெனோவோ நிறுவனம் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. தொடக்கச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. 2011இல் முடிந்த மூன்றாம் கட்டச் சோதனையில், மருந்து போட்ட தழும்புக்கும் போடாத தழும்புக்கும் வேறுபாடு காட்ட முடியவில்லை. சிறந்த கருதுகோள், சுத்தமான மருந்து, சரியான அளவு, புத்தம்புதிய காயம் எல்லாம் இருந்தும் நடந்தது இது. அளவே தெரியாத ஒரு கலவையைப் பழைய தழும்பின் மேல் தடவினால் மறைந்துவிடும் என்று ஒருவர் உறுதி சொன்னால், அந்த உறுதியை எங்கிருந்து பெற்றார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இனி முகத்தில் பூசும் சீரத்துக்கு வருவோம். தோலின் வெளி அடுக்கு செத்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த ஒரு சுவர். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத அந்தச் சுவருக்கு வேலையே வெளிப்பொருளை உள்ளே விடாமல் இருப்பதுதான். சுமார் 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு அதைத் தாண்டுவது அரிது என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இ.ஜி.எஃப். காரணிகளில் மிகச் சிறியவற்றில் ஒன்று, அதன் எடையே 6,000 டால்டனைத் தாண்டுகிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா 25,000. சுருக்கத்தைச் சரிசெய்ய வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் இருப்பது அந்தச் சுவருக்கும், அதன் கீழுள்ள மேல்தோலுக்கும் அடியில். ரோமக்கால் வழியாகக் கொஞ்சம் இறங்கலாம், மேல்தோல் செல்லுக்குக் கிடைத்த கட்டளை கீழே கடத்தப்படலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. சீரம் பூசியபின் தோல் மிருதுவானதாகக் காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சிறியவை, பல தயாரிப்பாளரின் செலவில் நடந்தவை, காரணி மட்டும் இல்லாத அதே களிம்போடு ஒப்பிடாதவை. ஈரப்பதம் தரும் எந்த நல்ல கிரீமும் சில வாரங்களில் நுண்சுருக்கத்தைக் குறைத்துக் காட்டும். அந்த விளைவைக் கழித்தபின் மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் விலையை நியாயப்படுத்த வேண்டும். இந்தக் காரணிகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. ஐஸ்லாந்தில் பார்லிப் பயிரில் தயாரிக்கிறார்கள். சில அமெரிக்கத் தயாரிப்புகள் மனிதத் தோல் செல்களை வளர்த்த திரவத்திலிருந்து வருகின்றன. மனித உடலிலிருந்து பெறப்பட்ட செல்லோ திசுவோ அவற்றின் பொருளோ அழகுசாதனத்தில் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது.

சுவர்தானே தடை, அதில் ஓட்டை போட்டுவிட்டால்? மைக்ரோநீட்லிங் செய்பவர்கள் சொல்லும் பதில் இது, நியாயமான பதிலும்கூட. நுண்ணூசிகள் தோலைத் துளைக்கும்போது நிஜமாகவே ஆயிரக்கணக்கான சிறு காயங்கள் உண்டாகின்றன. ஆனால் காயம் உண்டான கணமே உடலின் சொந்தக் காரணிகள் இலவசமாக வெளிவந்துவிடுகின்றன. எனவே கேட்க வேண்டியது, ஊசி மட்டும் தரும் பலனுக்கு மேல் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதையே. பரு வடு உள்ள 50 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. முகத்தின் இரு பக்கமும் ஊசி போட்டு, வலப்பக்கம் பி.ஆர்.பி.யும் இடப்பக்கம் வெறும் காய்ச்சி வடித்த நீரும் கொடுத்தார்கள். பி.ஆர்.பி. பக்கம் வடு 62 சதவீதம் குறைந்தது. நீர் பக்கம் 46 சதவீதம். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதேசமயம் பலனில் பெரும்பகுதி ஊசியுடையது என்பதும் அந்த எண்களிலேயே இருக்கிறது. பரு வடுவுக்கு இந்தக் கூட்டுச் சிகிச்சையை ஒரு தோல் மருத்துவர் பரிந்துரைத்தால் அது அறிவுக்குப் பொருந்தாத யோசனையில்லை என்றே சொல்வேன். வீட்டிலேயே உருளை ஊசி வாங்கி ஏதாவதொரு சீரத்தைத் தேய்த்துக்கொள்வது முற்றிலும் வேறு விஷயம். தோலின் மேல் பூசத் தயாரித்த பொருளை உள்ளே செலுத்தியபோது கட்டி கட்டியாக ஒவ்வாமை வீக்கம் வந்த மூன்று பெண்களைப் பற்றி 2014இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அழகுசாதனம் கிருமி நீக்கப்பட்ட ஊசிமருந்தாகத் தயாரிக்கப்படுவதில்லை.

பி.ஆர்.பி. செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கையிலிருந்து 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமலிருக்கும் பொருள் கலந்த குழாயில் பிடித்து, சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுழற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்குகின்றன; மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா; இரண்டுக்கும் நடுவில் மெல்லியதாக ஒரு வெண்படலம். அந்தப் படலத்தையும் அதையொட்டிய பிளாஸ்மாவையும் எவ்வளவு திறமையாக உறிஞ்சுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பிளேட்லெட் அடர்த்தி அமைகிறது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்திலேயே ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை பிளேட்லெட் இருக்கலாம். சுழற்சி வேகம் மாறும், குழாய் மாறும், எத்தனை முறை சுழற்றுவது என்பதும் மாறும். ஒரே பெயரில் இரு கிளினிக்குகள் தருவது இரு வேறு பொருள்களாக இருப்பது சகஜம். வெயிலில் முதிர்ந்த முகத்துக்குப் பி.ஆர்.பி. ஊசியையும் உப்புநீர் ஊசியையும் இரு கன்னங்களில் ஒப்பிட்ட ஒரு சோதனை 2018இல் அமெரிக்காவில் வெளியானது. ஆறு மாதம் கழித்து, எந்தக் கன்னத்தில் எது என்று தெரியாத தோல் மருத்துவர்களால் வித்தியாசம் காண முடியவில்லை. சிகிச்சை பெற்றவர்களோ பி.ஆர்.பி. பக்கம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள். முப்பது பேர்கூட இல்லாத சிறு சோதனைதான், இதுவே முடிந்த முடிவில்லை. ஆனாலும் சுருக்கம் போக்க இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று சொல்ல இன்றைய சான்று போதவில்லை.

'உங்கள் சொந்த ரத்தம்தானே, என்ன ஆபத்து வரும்?' என்று அடுத்து சொல்வார்கள். ஒவ்வாமை அபாயம் குறைவு என்ற அளவில் அது சரி. ஆபத்து ரத்தத்தில் இல்லை, கையாளும் முறையில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகெர்க்கி நகரின் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் ரத்த ஊசி ஃபேஷியல் செய்துகொண்ட பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருப்பது 2018இல் தெரியவந்தது. விசாரணையில் பெயர் எழுதாத ரத்தக் குழாய்களும், மறுபடி மறுபடி பயன்படுத்தப்பட்ட, ஒருமுறைக்கு மட்டுமேயான கருவிகளும் கிடைத்தன. அங்கே வந்துபோனவர்களில் குறைந்தது மூவருக்கு அந்த நிலையத்தின் மூலமே தொற்று வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024இல் அறிவித்தது. தன் ரத்தம் என்று நம்பி ஊசிக்கு முகம் கொடுத்தவர்கள் அவர்கள்.

புற்றுநோய் பற்றிய அச்சத்தையும் நேராகப் பேசிவிடலாம். நோயியல் ஆய்வாளர் ஹெரால்ட் டிவோராக் 1986இல் புற்றுக்கட்டிகளை ஆறாத காயங்கள் என்று வர்ணித்தார். காயத்தில் ரத்தக்குழாய் வளர்க்கும் அதே கட்டளைகளைக் கட்டியும் பயன்படுத்திக்கொள்கிறது. இ.ஜி.எஃப்.பின் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் இன்று நுரையீரல், குடல் புற்றுக்குக் கொடுக்கப்படுகின்றன. அவற்றை எடுத்துக்கொள்பவர்களுக்குப் பரு போன்ற தடிப்பும் வறட்சியும் வருவது, தோலுக்கு அந்தக் கட்டளை எவ்வளவு தேவை என்பதற்கும் சான்று. பெகாப்ளெர்மினை மூன்று குழாயோ அதற்கு மேலோ பயன்படுத்தியவர்களிடையே புற்றுநோய் இறப்பு கூடியதாக வந்த தரவை வைத்து 2008இல் எஃப்.டி.ஏ. கடும் எச்சரிக்கை அச்சிட வைத்தது. கூடுதல் தரவு வந்தபின் 2018இல் அதை நீக்கியது. பூசும் சீரம் புற்றுநோய் தருகிறது என்பதற்குச் சான்றில்லை, பயமுறுத்துவது நியாயமில்லை. ஆனால் ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். சீரம் செல் வரை எட்டி வேலை செய்கிறது என்றால் அதை மருந்துக்குரிய எச்சரிக்கையோடு நடத்தியாக வேண்டும். தோல் புற்று வந்தவர்கள், சந்தேகமான மச்சம் உள்ளவர்கள் விலகியிருக்க வேண்டும். மேலோடு நின்றுவிடும், அதனால் முற்றிலும் பாதுகாப்பானது என்றால் ஈரப்பத கிரீமின் விலைக்கு மேல் கேட்கக் கூடாது. இரண்டையும் ஒரே பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள்.

இந்தியச் சட்டம் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனச் சட்டப்படி அழகுசாதனம் என்பது தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது போன்ற வழிகளில் மேனியில் இடும் பொருள். சுத்தம் செய்ய, அழகூட்ட, தோற்றத்தை மாற்ற. ஊசியால் உள்ளே போவது அந்த வரையறைக்குள் வராது. லேபிளில் பொய்யான, தவறான எண்ணம் தரும் வாசகம் இருந்தாலும் குற்றம். சட்டம் இருந்தும் பார்லர் அறையில் ஊசி பிடிப்பவரைக் கேட்பதற்கு ஆளில்லை என்பதால், கேள்வி கேட்கும் பொறுப்பு செலவு செய்பவர் தலையிலேயே விழுகிறது.

தோல் முதிர்வுதான் கவலை என்றால், வலுவான சான்று சாதாரணமான பொருள்களுக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 900க்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டு பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் முதிர்வு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைந்திருந்தது. டிரெட்டினாய்ன் களிம்பு வெயில் சுருக்கத்தைக் குறைப்பது 1980களிலிருந்தே ஒப்பீட்டுச் சோதனைகளில் தெரிந்தது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும், மருத்துவர் சொல்லி மட்டுமே போட வேண்டும். ஆழமான பரு வடுவுக்கு மைக்ரோநீட்லிங்கோடு பி.ஆர்.பி.யும் முயன்று பார்க்கலாம் என்று முடிவு செய்பவர்கள், செய்யப்போவது பதிவுபெற்ற தோல் மருத்துவரா, கருவிகள் தன் கண்ணெதிரே உறை பிரிக்கப்படுகின்றனவா, தன் ரத்தக் குழாயில் எடுத்த உடனே தன் பெயர் எழுதப்படுகிறதா, பி.ஆர்.பி. இல்லாமல் ஊசி மட்டும் போட்டால் எவ்வளவு பலன், எவ்வளவு செலவு, சிகிச்சைக்கு முன்னும் ஆறு மாதம் கழித்தும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். நல்ல மருத்துவர் எவரும் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை.